பங்கு விலைக்கும் ஒரு சிட்டை: பத்து மாதச் சராசரிக் கணக்கு



கடை வருமானத்தில் மிச்சம் பிடித்த பணத்தைப் பங்குகளில் போடுவோர் நம் உறுப்பினர்களிடையே பெருகி வருகிறார்கள். அதிலும் கம்ப்யூட்டர், சாப்ட்வேர் கம்பெனிப் பங்குகள் என்றால் தனி மோகம். எதை வாங்கலாம் என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. எப்போது விற்று வெளியேறுவது என்று சொல்பவர்தான் கிடைப்பதில்லை. அதற்கு உதவும் ஒரு சாதாரணக் கணக்கை இந்த இதழில் பார்ப்போம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

துவரம் பருப்பு இன்று என்ன விலை என்பதை மட்டும் பார்த்து நாம் கொள்முதல் செய்வதில்லை. போன மாதம் என்ன விலை, போன அறுவடைச் சமயத்தில் என்ன விலை என்று பழைய சிட்டையைப் புரட்டுகிறோம். 2015 அக்டோபரில் பல ஊர்களில் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது, இன்னும் ஏறும் என்று மூட்டை சேர்த்தவர்கள் உண்டு. 2017-ல் துவரை விலை பல மண்டிகளில் அரசின் ஆதரவு விலைக்கும் கீழே போய்விட்டது. பருப்புக்காவது விதைப்பு, மழை, இறக்குமதி என்று பிடித்துக்கொள்ள நாலு விஷயம் இருக்கிறது. தொழில்நுட்பப் பங்கின் விலையில் பெரும்பகுதி, இனி வரப்போகும் லாபத்தின் மீதுள்ள நம்பிக்கை. அதை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. ஆகவே விலை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதையாவது எழுதிப் பார்ப்பது நல்லது.

கணக்கு இதுதான். ஒவ்வொரு மாதமும் கடைசி வியாபார நாளின் முடிவு விலையை ஒரு நோட்டில் குறிக்கவும். பத்து மாத விலைகளைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் வருவது பத்து மாதச் சராசரி. அடுத்த மாதம் புது விலையைச் சேர்த்து, மிகப் பழைய விலையை அடித்துவிட வேண்டும். மாதாமாதம் இப்படி நகர்வதால் இதற்கு நகரும் சராசரி என்று பெயர். பத்திரிகைகளில் வரும் 200 நாள் சராசரியும் கிட்டத்தட்ட இதேதான். மாதத்துக்குச் சுமார் 20 வியாபார நாட்கள். மாத முடிவில் விலை சராசரிக்கு மேலே இருந்தால் பங்கை வைத்திருப்பது, கீழே இருந்தால் விற்றுவிடுவது. விதி அவ்வளவே.

ஏற்றமும் இறக்கமும் முழுதாக நடந்து முடிந்த ஓர் உதாரணம் வேண்டும் என்பதால் அமெரிக்காவின் சிஸ்கோ கம்பெனியை எடுத்துக்கொள்வோம். இன்டர்நெட் இணைப்புக்கு வேண்டிய கருவிகளைச் செய்து விற்கும் கம்பெனி. இன்டர்நெட்டில் யார் கடை விரித்தாலும் சிஸ்கோவின் சாமான் வேண்டும் என்ற நிலை அப்போது இருந்தது. 2000 மார்ச் 27 அன்று பங்கு விலை 80 டாலர். சந்தை மதிப்பில் உலகிலேயே முதல் கம்பெனி. விலையோ ஒரு பங்கின் ஆண்டு லாபத்தைப்போல் 100 மடங்குக்கும் மேல்! நம் மண்டியில் ஒரு கடையை அதன் நூறு வருஷ லாபத்தைக் கொடுத்து வாங்க யாராவது முன்வருவார்களா?

1999 டிசம்பர் முதல் 2000 செப்டம்பர் வரை மாதக் கடைசி விலைகள், டாலரில், முழு எண்ணாகத் திருத்தி: 54, 55, 66, 77, 69, 57, 64, 65, 69, 55. கூட்டினால் 631. பத்தால் வகுத்தால் சராசரி சுமார் 63. செப்டம்பர் கடைசி விலை 55. அதாவது விலை சராசரிக்குக் கீழே வந்துவிட்டது. விதிப்படி விற்க வேண்டிய நேரம். அன்பர்கள் பென்சிலும் தாளும் எடுத்து ஒரு முறை போட்டுப் பார்க்கவும். அந்த மே மாதம் விலை 57-க்கு இறங்கியபோது இதே கணக்கு விற்கச் சொல்லவில்லை. அப்போது சராசரி சுமார் 53-தான்.

செப்டம்பரில் செய்தி எல்லாம் நல்ல செய்தியாகவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜூலையோடு முடிந்த கணக்காண்டில் விற்பனை சுமார் 1,200 கோடி டாலரிலிருந்து 1,890 கோடி டாலராக உயர்ந்திருந்தது. அதைப் பார்த்தவர் யாரும் விற்றிருக்க மாட்டார். ஆனால் சரக்கு வாங்கியவர்களில் பலர் புதிதாக முளைத்த கம்பெனிகள். பிறர் போட்ட முதலை வைத்துச் செலவு செய்தவர்கள். சிலருக்குக் கடனும் கொடுத்துச் சரக்கும் விற்றிருந்தது சிஸ்கோ. கடன் சிட்டை வைத்திருக்கும் நமக்கு இதன் அர்த்தம் புரியும். அந்தக் கம்பெனிகளுக்குப் பணவரத்து நின்றது. ஆர்டர் நின்றது. 2001-ல் சிஸ்கோ, விற்காமல் தேங்கிய சரக்குக்காக மட்டும் சுமார் 225 கோடி டாலரை நஷ்டத்தில் எழுதியது. தீபாவளிக்கு வாங்கிய சரக்கு பொங்கலுக்குப் பிறகும் கிட்டங்கியில் கிடந்தால் என்ன செய்வோமோ அதுதான், அளவுதான் பெரிது.

2002 அக்டோபரில் பங்கு விலை 9 டாலருக்கும் கீழே போனது. 55-ல் விற்றவர் உச்ச விலையான 80-ஐப் பிடிக்கவில்லை. ஆனால் முதலில் பெரும்பகுதி கையில் நின்றது. 'நல்ல கம்பெனிதானே, திரும்பி வரும்' என்று 80-க்கு வாங்கி வைத்திருந்தவர்? கம்பெனி நல்ல கம்பெனிதான், இன்றும் தொழில் நடத்துகிறது. ஆனால் 20 ஆண்டு கழித்து 2020-லும் அந்த 80 டாலர் திரும்பவில்லை. ஐம்பது வயதில் வாங்கியவருக்கு அப்போது எழுபது வயது.

இத்தோடு நிறுத்தினால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். இந்தக் கணக்கு கடிக்கவும் செய்யும். அதே சிஸ்கோ 2001 நவம்பர் கடைசியில் சுமார் 20 டாலர். சராசரி சுமார் 18. விலை மேலே வந்துவிட்டது என்று விதிப்படி வாங்கியவர், 2002 பிப்ரவரி கடைசியில் விலை 14-க்கு வந்து சராசரிக்குக் கீழே போனதும் விற்றிருப்பார். மூன்றே மாதத்தில் முதலில் முப்பது சதவீதம் போயிற்று. தரகுச் செலவு தனி. விலை திசையில்லாமல் மேலும் கீழும் அலையும் காலத்தில் இப்படிப்பட்ட பொய் அறிகுறிகள் வரும். இரண்டு தடவை பட்டதும் 'இனி இந்தக் கணக்கே வேண்டாம்' என்று நோட்டை மூடிவிடுவோர்தான் அடுத்த பெரிய சரிவில் மாட்டுகிறார்கள். கடைக்கு இன்சூரன்ஸ் கட்டுவது போல் இந்தச் சிறு நஷ்டங்களை எடுத்துக்கொள்ள மனம் வராதவர், இந்த வழிக்கே வராமலிருப்பது உத்தமம்.

மாதக் கடைசி வரை காத்திருக்க அவகாசம் தராத வீழ்ச்சியும் உண்டு. 2013 ஏப்ரல் 12-ல் இன்போசிஸ் பங்கு, காலாண்டுக் கணக்கு வெளியான ஒரே நாளில் 21 சதவீதம் விழுந்தது. எந்தச் சராசரியும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் நாம் பல தடவை சொல்லி வருகிறோம்: கொள்முதல் பணத்தையும், மில்லுக்குத் தர வேண்டிய பாக்கியையும், பெண் கல்யாணத்துக்கு வைத்த பணத்தையும் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டு போகவே கூடாது. வெள்ளிக்கிழமை லாரி வந்து நிற்கும்போது, 'பங்கு விலை ஏறட்டும், பிறகு தருகிறேன்' என்று சொன்னால் எந்த டிரைவர் சரக்கை இறக்குவார்?

நோட்டு எழுதுவோர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. மேலே சிஸ்கோவுக்கு 54, 55, 66 என்று நாம் எழுதிய முதல் மூன்று விலைகளும் அன்று சந்தையில் 107, 110, 132 என்றுதான் இருந்தன. 2000 மார்ச்சில் ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தார்கள். அதனால் பழைய விலைகளைப் பாதியாக்கிக்கொண்டோம். அப்படிச் செய்யாவிட்டால் ஒன்றும் நடக்காத போதே விலை பாதியாக விழுந்த மாதிரி தெரியும், நோட்டும் வீணாக விற்கச் சொல்லும். 2018 செப்டம்பரில் இன்போசிஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோதும் இதே கதைதான். இப்படிப் பங்கு இரட்டிப்பாகும்போது, பழைய பத்தியை அடித்துவிடாமல், பக்கத்திலேயே சிவப்பு மையில் பாதி விலையை எழுதி, அதைக் கொண்டு சராசரி போடவும்.