கருவில் மலரும் நரம்பு மண்டலம்

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் நரம்பு மண்டலம் ஒரு பாடம். இனப்பெருக்கம் மற்றொரு பாடம். ஒன்றில் நியூரான், மூளை, தண்டுவடம் ஆகியவற்றின் படங்களை வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம். மற்றொன்றில் விந்து செல்லும் அண்ட செல்லும் இணைந்து கருமுட்டை உண்டாவதைப் படிக்கிறோம். ஆனால் ஒரே ஒரு செல்லாகிய கருமுட்டைக்குள் மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. அவ்வாறாயின் அவை எங்கிருந்து வந்தன? எப்பொழுது வந்தன? இவ்விரு பாடங்களுக்கும் இடையே பாலமாக நின்று இக்கேள்விகளுக்கு விடை கூறுவது கருவியல் என்னும் துறையாகும். அவ்விடை தேர்வுக்கு மட்டுமன்றிப் பெண்களாகிய நம் வாழ்வுக்கும் வேண்டிய ஒன்று. ஆகவே, தோழியரே, அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கோழி முட்டை என்னும் ஆசான்

தாயின் வயிற்றினுள் வளரும் கருவைக் காண்பது எளிதன்று. எனவே அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகக் கோழி முட்டையையே நாடினர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அடைகாக்கப்பட்ட முட்டைகளை வெவ்வேறு நாட்களில் திறந்து பார்த்து, மூன்று நாட்களுக்குப் பின் இதயம் ஒரு செந்நிறப் புள்ளியாகத் துடிப்பதை எழுதி வைத்தார். பிற்காலத்தில் நுண்ணோக்கி வந்தது. ஆயினும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பலர், முட்டையினுள்ளோ விந்து செல்லினுள்ளோ மிகச் சிறிய முழு உயிர் ஒன்று முன்னரே மடங்கிக் கிடக்கிறது என்றும், அது பெரிதாவதே வளர்ச்சி என்றும் நம்பினர். 1759-இல் காஸ்பர் ஃபிரெடரிக் வுல்ஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் அக்கருத்தை மறுத்து நூல் எழுதினார். உறுப்புகள் முன்னரே இருப்பதில்லை. அவை படிப்படியாகப் புதிதாய் உண்டாகின்றன என்றார். அவர் கூறியதே உண்மையென இன்று நாம் அறிவோம்.

கருவுற்ற கோழி முட்டை பொரிப்பதற்கு 21 நாட்கள் ஆகும். ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். தாய்க்கோழி அடிக்கடி முட்டையை அலகினால் புரட்டி விடுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். கரு ஓட்டின் உட்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்ளாதிருக்க இது உதவுகிறது.

மஞ்சள் கருவின் மேல் காணப்படும் சிறிய வெண்புள்ளியே உயிரின் தொடக்கம். மஞ்சள் கரு முழுவதும் கோழிக்குஞ்சு ஆவதில்லை. அது கட்டுச்சோறு போன்ற உணவே. முட்டை இடப்படும் வேளையிலேயே அப்புள்ளியில் பல்லாயிரம் செல்கள் இருக்கும். அடைகாத்த முதல் நாளில் அதன் நடுவே ஒரு கீற்றுத் தோன்றுகிறது. இரண்டாம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அதே இரண்டாம் நாளில் மூளையின் முதல் வடிவமும் தெரிகிறது. கால் இல்லை, சிறகு இல்லை, அலகு இல்லை. ஆனால் மூளைக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது!

மற்றொரு விந்தையும் உண்டு. நான்காம் நாள் அளவில் கரு தானாகவே அசையத் தொடங்குகிறது. ஆனால் தொட்டால் உணர்ந்து அசைவது ஏழாம் நாள் அளவில்தான். அதாவது, அசையச் செய்யும் நரம்புகள் முதலில் வேலையைத் தொடங்குகின்றன. உணர்த்தும் நரம்புகளின் இணைப்பு பின்னரே நிறைவடைகிறது.

தோலின் உடன்பிறப்பு

வளரும் கருவில் மூன்று படைகள் உண்டாகின்றன. 1817-இல் கிறிஸ்டியன் பாண்டர் என்பவர் கோழிக் கருவில் இவற்றைக் கண்டறிந்தார். அகப்படையிலிருந்து உணவுப்பாதையின் உட்பரப்பு, நுரையீரலின் உட்பரப்பு, கல்லீரல் ஆகியன உண்டாகின்றன. நடுப்படையிலிருந்து எலும்பு, தசை, இதயம், இரத்தம் ஆகியன உண்டாகின்றன. புறப்படையிலிருந்து மேற்தோலும், முடியும், நகமும் உண்டாகின்றன. மூளையும் நரம்புகளும் எப்படையிலிருந்து வருகின்றன? உடலின் ஆழத்தில், மண்டையோட்டுக்குள் பாதுகாப்பாக இருப்பதால் அகப்படை என்றே நினைக்கத் தோன்றும். உண்மையில் அவை தோலைத் தரும் அதே புறப்படையிலிருந்தே வருகின்றன.

வெளியே இருந்தது உள்ளே சென்றது எவ்வாறு? கருவின் முதுகுப் பக்கத்தில் புறப்படையின் நடுப்பகுதி தடித்து ஒரு தட்டுப் போலாகிறது. இதற்கு நரம்புத் தட்டு என்று பெயர். பின்னர் அதன் இரு ஓரங்களும் மெல்ல எழும்புகின்றன; நடுவே ஒரு பள்ளம் உண்டாகிறது. கொழுக்கட்டை செய்யும்போது மாவை மடித்து இரு ஓரங்களையும் சேர்த்து அழுத்துகிறோம் அல்லவா? அது போலவே இரு ஓரங்களும் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. இவ்வாறு உண்டாகும் குழாயே நரம்புக் குழல். அதன் மேல் தோல் மூடிக்கொள்கிறது. குழலின் முன்முனை பருத்து முன்மூளை, நடுமூளை, பின்மூளை என மூன்று குமிழ்களாகிறது. எஞ்சிய பகுதி தண்டுவடமாகிறது. முன்மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் வெளியே நீளும் கிண்ணங்களே கண்ணின் விழித்திரை. ஆகவே கண் மூளையின் சாளரம் என்பது வெறும் உவமையன்று.

அது ஒரு காலத்தில் குழலாக இருந்தது என்பதற்கு இன்றும் சான்று உண்டு. நம் மூளையின் உள்ளே அறைகளும், தண்டுவடத்தின் நடுவே மெல்லிய கால்வாயும் இருக்கின்றன. அவற்றில் மூளைத் தண்டுவடத் திரவம் நிறைந்துள்ளது. பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் அத்திரவத்தின் இருப்பிடம், கருவில் இருந்த குழலின் உட்புறமே ஆகும்.

கட்டளையிட்டது யார்?

புறப்படையின் ஒரு பகுதியை மட்டும், "நீ தோலாக வேண்டாம், மூளையாகு" என்று பணித்தது யார்? இவ்வினாவிற்கு வழிகாட்டியவர் ஹில்டே மங்கோல்டு என்னும் இளம்பெண். ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஹான்ஸ் ஸ்பீமன் என்னும் பேராசிரியரிடம் அவர் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். நீரிலும் நிலத்திலும் வாழும் நியூட் என்னும் பல்லி போன்ற உயிரியின் மிகச் சிறிய கருவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, வேறொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் பொருத்தினார். வயிற்றுத் தோலாக வேண்டிய அவ்விடத்தில் இரண்டாவது நரம்புக் குழல் உண்டாயிற்று! ஒரே கரு இரட்டை உயிர்போல் வளர்ந்தது. அவர் பயன்படுத்திய இரு இனங்களின் நிறம் வேறுபட்டிருந்தது. அதனால் அக்குழலில் பெரும்பகுதி ஒட்டப்பட்ட துணுக்கின் செல்களால் ஆனதன்று, ஏற்றுக்கொண்ட கருவின் சொந்தச் செல்களால் ஆனது என்பது தெளிவாயிற்று. துணுக்கு செய்தது, அண்டைச் செல்களுக்குச் செய்தி அனுப்பியதே.

இவ்வாய்வு 1924-இல் வெளியாயிற்று. அதே ஆண்டு, சமையலறையில் நேர்ந்த தீ விபத்தில் ஹில்டே மங்கோல்டு தம் 25-ஆம் வயதில் இறந்தார். 1935-இல் ஸ்பீமனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அச்செய்தி யாது என்பது 1990-களில்தான் விளங்கியது. "தோலாகு" என்று கூறும் புரதம் ஒன்று கருவில் இருக்கிறது. நோகின், கார்டின் என்னும் வேறு புரதங்கள் அதனைத் தடுக்கின்றன. தடுக்கப்பட்ட இடத்தில் புறப்படை நரம்புத் திசுவாக மாறுகிறது.

உறவு கொண்ட நரம்பே பிழைக்கும்

குழல் உண்டானால் போதுமா? தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்பு, கால் விரல்வரை வழி கண்டு செல்ல வேண்டுமே! இதனை ஆராய்ந்தவர் இத்தாலியின் டூரின் நகரில் 1909-இல் பிறந்த ரீட்டா லெவி மோன்டால்சினி. உயர்கல்வியும் தொழிலும் மனைவி, தாய் என்னும் கடமைகளுக்குத் தடையாகும் என்று அவர் தந்தை முதலில் எண்ணினார். மகளின் உறுதியைக் கண்டு பின்னர் இசைந்தார். ரீட்டா 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1938-இல் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டமியற்றியதால் பல்கலைக்கழகத்தின் கதவுகள் அவருக்கு அடைபட்டன. அவர் சோர்ந்துவிடவில்லை. தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டி அறுவைக் கருவிகளாக்கினார். போரின்போது குண்டு வீச்சுக்கு அஞ்சிக் குடும்பம் கிராமத்திற்குச் சென்றது. அங்கும் மிதிவண்டியில் சென்று கருவுற்ற முட்டைகளைத் தேடி வாங்கித் தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

கோழிக் கருவில் கால் உண்டாகும் மொட்டை நீக்கிவிட்டால், அதற்குரிய நரம்புச் செல்கள் குறைந்துவிடுகின்றன. அவை உண்டாகவே இல்லை என்று பிறர் கருதினர். அவை உண்டாகி, சேருமிடம் இல்லாமையால் இறந்துவிடுகின்றன என்று ரீட்டா கண்டார். இயல்பாக வளரும் கருவிலும் தண்டுவடத்தின் இயக்க நரம்புச் செல்களுள் ஏறக்குறைய பாதி இவ்வாறே மடிகின்றன. உரிய தசையைச் சென்றடைந்து அங்கிருந்து ஊட்டம் பெற்றவையே நிலைக்கின்றன. 1947-இல் அவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். அங்கு ஸ்டான்லி கோஹனுடன் சேர்ந்து, சில நரம்புச் செல்களை வளர்த்துக் காக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தை ஆராய்ந்தார். 1986-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 2012-இல் தம் 103-ஆம் வயதில் ரீட்டா மறைந்தார்.

இருபத்தெட்டு நாட்கள்

இதுவரை கோழியிலும் நியூட்டிலும் கண்டவை யாவும் மனிதக் கருவிற்கும் பெரும்பாலும் பொருந்தும். கருக்குழாயில் கருவுற்ற அண்டம் பிளந்து பெருகியவாறே கருப்பையை அடைந்து அதன் சுவரில் பதிகிறது. மூன்றாம் வாரத்தில் நரம்புத் தட்டுத் தோன்றுகிறது. கருவுற்ற நாளிலிருந்து ஏறக்குறைய 28-ஆம் நாளில் நரம்புக் குழல் முழுவதும் மூடிவிடுகிறது. அப்பொழுது கரு ஓர் அரிசி மணியின் அளவே இருக்கும். தாய் தான் கருவுற்றிருப்பதைப் பல வேளைகளில் அதுவரை அறிந்திருக்கவும் மாட்டாள்!

அந்நாட்களில் குழலின் கீழ்ப்பகுதி மூடாமற்போனால், குழந்தையின் முதுகெலும்பு பிளவுபட்டுத் தண்டுவடம் ஊறுபடும், கால்கள் செயலிழக்கக்கூடும். மேற்பகுதி மூடாமற்போனால் மூளை முழுமையாக உருவாகாது, அக்குழந்தை பிழைப்பதில்லை. இக்குறைகளைக் கிரகணத்தின் மீதும், தாயின் மீதும் பழி சுமத்திப் பேசுவோர் இன்றும் உளர். இது அறியாமையாகும். பரம்பரை, கட்டுப்படாத சர்க்கரை நோய், சில வலிப்பு மருந்துகள் எனக் காரணங்கள் பல. அவற்றுள் நம்மால் எளிதில் நீக்கக்கூடிய காரணம், ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினின் குறைவே. செல்கள் விரைந்து பெருகும்போது புதிய டி.என்.ஏ. உண்டாக அது தேவை.

இவ்வைட்டமினின் கதையில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களின் இரத்தசோகையை ஆராயப் பம்பாய்க்கு வந்தார். அடுத்த ஆண்டு நீலகிரியின் குன்னூரிலும், 1931-இல் சென்னை மருத்துவமனை ஒன்றிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாறு அந்நோயைக் குணப்படுத்துவதை 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த அரும்பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. 1941-இல் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டதால், இலை என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1991-இல் வெளியான ஓர் ஆய்வு மருத்துவ உலகை விழிக்கச் செய்தது. நரம்புக் குழல் குறையுடைய குழந்தையை முன்னர் ஈன்ற தாய்மார், மறுமுறை கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டபோது, அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. கருவுறுவதற்கு முன்பிருந்தே முதல் 12 வாரங்கள் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்கு அறிவுறுத்துகிறது.

நாம் செய்ய வேண்டுவது

தோழியரே, இதெல்லாம் பிற்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டா. குழல் மூடும் நாளில் தொடங்கும் கவனம் காலங்கடந்த கவனம்; உடலின் சேமிப்பு முன்னரே இருத்தல் வேண்டும். முருங்கைக்கீரை, பசலைக்கீரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, வெண்டைக்காய் ஆகியவற்றில் இவ்வைட்டமின் உண்டு. கீரையை நெடுநேரம் கொதிக்க வைத்து நீரை வடித்துவிட்டால் வைட்டமினும் நீரோடு போய்விடும். மேலும், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் அடங்கிய மாத்திரை தரப்படுகிறது. வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டல் வந்ததால் அதனைக் குப்பையில் எறிவோரும் உண்டு. மதிய உணவுக்குப் பின் உட்கொண்டால் அத்தொல்லை பெரும்பாலும் இராது. வீட்டில் மணமாகவிருக்கும் அக்காவிடமும், அண்ணியிடமும் இச்செய்தியைக் கூறி, மருத்துவரைக் கேட்டு நடக்கச் சொல்வதும் நம் கடமை.

நம் ஒவ்வொருவருடைய மூளையிலும் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. அவையனைத்தும் ஒரு காலத்தில் கடுகளவு தட்டாக இருந்து, மடிந்து, குறித்த நாளில் மூடிக்கொண்டவையே. ஹில்டேயும் ரீட்டாவும் லூசியும் அரிய முயற்சியால் ஈட்டித் தந்த இவ்வறிவு, ஏட்டுச் சுரைக்காயாகிவிடலாகாது. கீரையும் பயறும் நம் தட்டில் நாள்தோறும் இடம்பெறட்டும். வாரத்திற்கு ஒரு மாத்திரை குப்பைக்குச் செல்லாதிருக்கட்டும்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி