வன்பொருட் பிழையும் திருத்தம் பார்த்தலும்

கணிப்பொறியின் நினைவகத்தில் 0 என எழுதப்பட்ட ஒரு பிட், எவரும் தொடாமலேயே 1 ஆகிவிடுதல் உண்டு. சில்லைப் பொதிந்துள்ள பொருளினின்று வெளிப்படும் ஆல்ஃபாத் துகள்கள் இதனைச் செய்ய வல்லன என்று இண்டெல் நிறுவனத்தாராகிய மே, வுட்ஸ் இருவரும் 1979-இல் விளக்கினர். பிழையைக் கண்டு திருத்தும் குறிமுறையை ஹாமிங் என்பார் 1950-இலேயே வகுத்திருந்தார். 64 பிட்டுகளுக்கு 8 காவற் பிட்டுகள் சேர்க்கும் முறை நெடுநாளாக வழங்குவது. ஒன்று பிறழ்ந்தால் திருத்தப்படும். இரண்டு பிறழ்ந்தால் பிழை உண்டென்பது மட்டுமே புலனாகும்.

புலனானபின் செய்வது யாது? அதனை முடிவு செய்வது இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல். லினக்ஸ் கெர்னலில் பழுதுற்ற நினைவகப் பக்கத்தை ஒதுக்கும் பகுதி 2009-இல் சேர்ந்தது. வட்டில் உள்ள கோப்பின் மாறாத படியாக அப்பக்கம் இருப்பின், அதனை விலக்கிவிட்டு வட்டிலிருந்து மீளப் படித்துக்கொள்ளலாம். மாற்றி எழுதப்பட்டு, வட்டுக்கு இன்னும் போய்ச் சேராத பக்கமாயின் இழப்பு இழப்பே. அதனை உரிய நிரலுக்கு அறிவித்தாக வேண்டும். கெர்னல் தனக்கென வைத்துள்ள பக்கமாயின், பொறியை நிறுத்துவதே பெரும்பாலும் வழி. முதலிரண்டையும் குழப்பும் ஒரு வரி போதும். பழைய தொகையே வங்கிக் கணக்கில் ஓசையின்றி நின்றுவிடும். நின்றுபோன பொறியினும் பொய்சொல்லும் பொறி கொடிது என்பது நம் துணிபு.

ஆகவே இப்பகுதிக்கு வரும் திருத்தங்களைப் பிறர் கூர்ந்து படித்த பின்னரே ஏற்கின்றனர். அவர்கள் முதலில் நோக்குவது பூட்டுகளை. ‘மெஷின் செக்’ எனும் பிழையறிவிப்பு எக்கணத்திலும் வரும். கெர்னல் ஒரு பூட்டைப் பிடித்திருக்கும்போதும் வரும். அதே பூட்டைப் பிழைகையாளும் நிரலும் வேண்டி நின்றால், பொறி அங்கேயே உறைந்துபோகும். எனவே பூட்டில்லா இடத்தில் குறிப்பை மட்டும் எழுதிவைத்து, எஞ்சிய பணியைப் பின்னர்ச் செய்வதே முறை. செய்தி அச்சிடும் ஒற்றை வரியைச் சேர்த்தாலும், அவ்வரி எப்பூட்டைத் தேடும் என்று கேட்பர்.

நம் புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களின் கலிங்கு உறுதியானதா என்பது கோடையில் தெரியாது. இந்நிரலும் அத்தகையதே. அதனால் பிழையைச் செயற்கையாகப் புகுத்திப் பார்க்கும் கருவிகளையும் லினக்ஸ் வைத்துள்ளது.

ஒவ்வொரு திருத்தமும் எவர் கைவழி வந்தது எனக் கையொப்ப வரிசையாகக் குறிக்கும் வழக்கம் 2004-இல் தோன்றியது. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இஸ்னாத் நினைவுக்கு வரும். எனினும் இஸ்னாத் செம்மையாயிருந்தாலும் மத்னைத் தனியே ஆராய்வர் அன்றோ? இங்கும் ‘கையொப்பமிட்டவர்’ வேறு, ‘படித்து ஆராய்ந்தவர்’ வேறு. இருவர்க்கும் தனித்தனி வரிகள் உண்டு.

ஆர்வமுள்ள மாணவர் மெய்நிகர்ப் பொறியொன்றில் பிழையைப் புகுத்தித் தாமே பார்க்கலாம். மதிப்பெண் பட்டியல் உள்ள துறைக் கணிப்பொறியில் மட்டும் வேண்டா.