அம்புக்குறி எந்தப் பக்கம்?

தரமணியின் ஐடி வளாகங்களிலிருந்து ஊரூர் ஒல்காட் குப்பம் என்ற மீனவர் ஊர் சில கிலோமீட்டர்தான். அதே தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம்தான் மீனவர்களுக்காக 'ஃபிஷர் ஃபிரெண்ட்' செயலியை உருவாக்கியது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் கணிக்கும் அலை உயரம், காற்று, மீன் கிடைக்கும் பகுதி எல்லாம் அதன்வழி தமிழிலேயே செல்போனுக்கு வருகின்றன. இப்படியொரு வேலை நாளை மென்பொருள் எழுதும் உங்கள் மேசைக்கும் வரலாம். கோடு பிழையில்லாமல் ஓடினால் மட்டும் போதாது. ஃபைபர் படகில் நிற்பவருக்கு அது உதவ வேண்டும். அதற்கு ஐந்து யோசனைகள்.

1. எண்ணில் கவனம்

உங்கள் டேட்டாபேஸில் அட்சரேகை 12.50 டிகிரி என்று இருக்கும். படகு ஜிபிஎஸ் கருவிகள் பெரும்பாலும் டிகிரி, நிமிடம் என்று காட்டும். 12.50 என்பது 12 டிகிரி 30 நிமிடம். அதை 12 டிகிரி 50 நிமிடம் என்று படித்துவிட்டால் 20 கடல் மைல், ஏறக்குறைய 37 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டியதுதான். டீசலும் போச்சு, நாளும் போச்சு. குற்றம் படித்தவர் மேல் இல்லை, திரையின் மேல்.

2. திசையை முழுதாகச் சொல்லுங்கள்

வானிலைத் துறையினர் காற்றுக்கு அது வரும் திசையைச் சொல்வார்கள். நீரோட்டத்துக்கு அது போகும் திசையை. சென்னை மீனவர்கள் 'தெண்டி' என்பது தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தை. வெறும் 'வடக்கு' என்று போட்டு ஓர் அம்புக்குறி வரைந்தால் யாருக்குத்தான் புரியும்? 'தெற்கிலிருந்து வடக்கே' என்று எழுதிவிடுங்கள்.

3. ஈரக் கை, உச்சி வெயில்

தொடுதிரை ஈர விரலில் தடுமாறும். பட்டன்கள் பெரிதாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கட்டும். சாம்பல் நிற எழுத்து ஏசி அறையில் அழகு. வெயிலில் காணாமல் போகும். அவசர உதவிப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும்படி வையுங்கள். தண்ணீர்த் துளி பட்டு அபாயச் செய்தி போய்விடக் கூடாது.

4. நேரத்தைக் காட்டுங்கள்

கடலுக்குள் சிக்னல் போய்விடும். அப்போது திரையில் நிற்பது பழைய கணிப்பு. எப்போது வந்த தகவல் என்று பெரிய எழுத்தில் சொல்லாத செயலி ஆபத்தானது.

5. ஐந்து பேர் போதும்

பயன்பாட்டியல் நிபுணர் ஜேக்கப் நீல்சனின் கணக்குப்படி, ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும். மீனவர்கள் வலை பிரிக்கிற நேரத்தில் போய்த் தொந்தரவு செய்யாமல், அவர்களுக்குத் தோதான நேரம் கேட்டுப் போங்கள். செல்போனைக் கையில் கொடுத்து, "நாளைக் காலை காற்று எப்படி இருக்கும்னு பாருங்கண்ணா" என்று கேளுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு பக் இருக்கிறது. அதை 'டிசைன் டீமின் வேலை' என்று தள்ளாமல், சர்வர் கோளாறுக்குத் தரும் அதே முன்னுரிமையோடு பதிவு செய்யுங்கள்.

அப்ரைசலில் எத்தனை வரி எழுதினீர்கள் என்பதைச் சொல்லாதீர்கள். யார் திணறிய எந்த வேலையை எளிதாக்கினீர்கள் என்று சொல்லுங்கள். கோடு எழுதப் பலர் இருக்கிறார்கள். பயன்படுத்துகிறவரைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் குறைவு. அந்தச் சிலரில் ஒருவராக இருங்கள்.