செல்விக்கு, கடலில் இறங்கும் முன்

அய்யலூர்

அன்பு மகள் செல்விக்கு,

  தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தப் போகிறாய், அதை வைத்துப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் வைத்தியத்துக்கு நிதி திரட்டப் போகிறாய் என்று உன் தம்பி சொன்னான். உனக்கு அப்பத்தாவின் மனசு. அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அது முப்பது கிலோமீட்டர் கடல் அம்மா. முடியாது என்று சொல்லவில்லை. குற்றாலீஸ்வரன் 1994-ல் 12 வயதில் அதே பாக் நீரிணையைக் கடந்தார். 2022-ல் ஜியா ராய் என்ற 13 வயதுப் பெண், ஆட்டிசம் பற்றி நாலு பேருக்குத் தெரியட்டும் என்று, 13 மணி நேரத்துக்கு மேல் நீந்தி தனுஷ்கோடியில் கரையேறினாள். வல்வெட்டித்துறை ஆனந்தனைப் பற்றியும் படித்தேன். 1971-ல் இதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்த மனிதர். அவரையே 1984-ல் ஆங்கிலக் கால்வாய் கொண்டுபோய்விட்டது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ராத்தூக்கம் இல்லை. நீ பழகியது சென்னை நீச்சல் குளத்தில். அங்கே நீரோட்டம் இழுக்காது, சொறிமீன் சுடாது, இருட்டில் நீந்த வேண்டியதும் இல்லை.

செலவையும் யோசி. படகு, கூட வரும் மீனவர்கள், டாக்டர், இரண்டு நாட்டு அனுமதி. ஒரே வருசத்தில் ஆறு நீரிணை கடந்த குற்றாலீஸ்வரனே செலவுக்கு ஆள் கிடைக்காமல் நீச்சலை நிறுத்த வேண்டி வந்தது. குழந்தைகளுக்கென்று கொடுத்த காசில் படகுக்கு டீசல் போடக் கூடாது. அதற்குத் தனிக் கணக்கு வை.

நீச்சல் என்றதும் எனக்கு நம் தோட்டத்துக் கிணறுதான் ஞாபகம் வருகிறது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நானும் உன் அப்பனும் அதில்தான் பழகினோம். போர் போட்டதும் அவன் அதை மூடக் கிளம்பினான். படி வைத்துக் கட்டிய கிணறுடா, பிள்ளைகள் பழகட்டும் என்று கெஞ்சினேன். மண்ணைக் கொட்டித் தூர்த்துவிட்டான். அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் எங்களுக்குள் சண்டைதான். அதற்குப் பிறகு நம் தெருவில் பிறந்த ஒரு பிள்ளைக்கும் நீச்சல் தெரியாது. கோடை லீவில் குவாரிப் பள்ளத்தில் இறங்குகிறார்கள், மழை பெய்தால் குளத்தில் இறங்குகிறார்கள். வருசா வருசம் பேப்பரில் வருகிறது. மூழ்கியவனைத் தூக்கப் போன அண்ணனும் சேர்ந்து போகிறான். கரையில் நின்று கயிற்றையோ வேட்டியையோ வீசு, நீ இறங்காதே என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

முடிவு உன்னுடையது. வருகிற மார்ச்சில் கடலில் இறங்கலாம். இல்லையென்றால் சித்திரை லீவுக்கு இங்கே வந்து தங்கி, நம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கலாம். ஒரு பிள்ளை பழகினால் இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் நன்கொடை கேள். அந்தக் காசும் வைத்தியத்துக்கே போகட்டும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைக் கேட்டு வைத்திருக்கிறேன். கயிறும் காலி கேன்களும் வாங்கியாயிற்று.

கடல்தான் என்று நீ நின்றால் பெரியப்பா குறுக்கே நிற்க மாட்டேன். படகில் நானும் வருவேன், உனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுக்க ஆள் வேண்டாமா? பெரியம்மா வண்டிக்கருப்பணசாமிக்குக் காசு முடிந்து வைத்துவிட்டாள். எதுவானாலும் முதல் நன்கொடை என்னுடையது, வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பு. உன்னைப் போல ஒரு பிள்ளை நம் வீட்டில் பிறந்ததே போதும் எனக்கு. பொங்கலுக்கு வா. வியாழக்கிழமைச் சந்தையில் நாட்டுக்கோழி பிடித்து வைக்கிறேன். உன் அப்பனையும் கூட்டி வா.

உன் பெரியப்பா