படிக்குப் பத்துப் பைசா

நீலகிரியிலுள்ள தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். மும்பை தாராவியில் நான் குடியிருக்கும் எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வுத் திட்டம்) கட்டடத்துக்கு ஏழு மாடி. ஒரு படியை டேப் வைத்து அளந்தேன்: 17 செ.மீ. கணக்குப் போட்டால், ஏறத்தாழ 15,500 படிகளில் தொட்டபெட்டா உச்சி. ஒரு மாதத்தில் ஏறி முடிக்கிறேன், அதற்குப் பணம் தாருங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தேன்.

நல்ல காரியத்துக்காக ஓடுவது மும்பைக்குப் பழக்கம்தான். 2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தான் தொண்டு நிறுவனங்களுக்குக் கோடிக்கணக்கில் திரட்டித் தருகிறது. ஆனால் ஓடிப் பழக இடம் வேண்டுமே! மாட்டுங்காக்காரர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா இருக்கிறது. என் 225 சதுர அடி வீட்டில் கையை நீட்டினால் பாத்திர அலமாரி இடிக்கும். எனக்கு மாடிப்படிதான் மைதானம்.

பணம் யாருக்கு என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பரேல் டாடா மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத் தங்குமிடம் பெரும்பாடு. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளையும் பெற்றோரையும் இலவசமாகத் தங்கவைக்கும் செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் 2006-இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. 'ஏழைகளுக்கு உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 'ஒரு குழந்தை தங்குவதற்கு' என்றால் நின்று கேட்கிறார்கள்.

உடம்புக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில். இறங்கும்போதுதான் முட்டிக்கும் தொடைக்கும் அடி அதிகம். மறுநாள் வலிப்பதும் அதனால்தான். பாதம் முழுவதையும் படியில் வையுங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் படிப்பக்கம் போகவே கூடாது: குடத்தோடு வரும் பெண்கள், ஈரம், வாசலுக்கு வாசல் செருப்பு, போதாததற்கு யாரோ சாத்திவைத்த சைக்கிள். இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய அரைமணி நேரம் தோதானது. நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கஷ்டமெல்லாம் கேட்பதில்தான். கீழே மளிகைக்கடை அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். விஷயத்தைச் சொன்னதும், “மலை ஏறணும்னா பழனிக்குப் போவ வேண்டியதானல? இங்க ஏறி எறங்குனா எந்தச் சாமி பாக்கும்?” என்றார்.

“படிக்குப் பத்துப் பைசா குடுங்க அண்ணாச்சி, போதும்.”

“பத்துப் பைசாவா? அது எங்கல இருக்கு இப்பம்?” என்று சிரித்தவர், கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து நிமிர்ந்தார். 1,550 ரூபாய். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டவர் பின்வாங்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு என்று எடுத்த எடுப்பில் கேட்டிருந்தால் நூறு ரூபாயை நீட்டியிருப்பார். இந்தப் பத்துப் பைசா உத்தியை யாரும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் கட்டைவிரல் வரும், காசு வராது. ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். பாதி மலை ஏறியதும் பாதிப் பணத்தைக் கட்டவைத்துவிடுங்கள். முடிந்தபின் கேட்டால் செம்பூர் சித்தப்பாகூட 'அடுத்த மாசம்' என்பார்.

பணம் உங்கள் கணக்குக்கு வரவே கூடாது. தொண்டு நிறுவனத்தின் சொந்த இணையப் பக்கத்துக்கே நேராகப் போகட்டும். பிரிட்டனில் கேப்டன் டாம் மூர் 2020-இல், நூறு வயதை நெருங்கும்போது, வீட்டுத் தோட்டத்தில் நடந்தே 3 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டினார். அந்தப் பணம் தேசிய மருத்துவச் சேவைக்கான அறக்கொடைக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னால் அவர் பெயரில் தொடங்கிய தனி அறக்கட்டளையில் குடும்பத்தார் ஆதாயம் அடைந்ததாக அந்நாட்டு அறக்கொடை ஆணையம் 2024-இல் கண்டித்தது. ஊரே கொண்டாடிய மனிதரின் பெயருக்கே அந்தக் கதி என்றால், நம்மை யார் சும்மா விடுவார்கள்?

வரிச்சலுகை கேட்பவர்களிடம் இரண்டைச் சொல்லிவையுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. மற்றவர்கள் பணம் கட்டும்போதே பான் எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்குத் தாக்கல் செய்யும் நேரத்தில் ரசீது எங்கே என்று நிறுவனத்தைக் கேட்க மாட்டார்கள், உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.