சங்கமும் அங்கத்தினரும்

பதிவேட்டில் ஒப்பமிட்டுச் சந்தாவும் செலுத்திய ஒருவரை ஒரு சங்கத்தின் அங்கத்தினர் என்று வழங்குகின்றோம். அங்கம் என்பது உடலின் உறுப்பு. உடலோடு கூடித் தொழிற்படுவதனாலன்றோ கையும் காலும் அங்கங்கள் எனப்படுகின்றன? தொழிற்படாத கை தோளிலிருந்து தொங்குமேயன்றி, அதனால் உடலுக்கு ஆவது யாது?

இவ்வினா எமக்கு நூலிலிருந்து எழுந்ததன்று. சென்ற ஆண்டு நம் தமிழ் மன்றத் தொடக்க விழாவன்று பெயரெழுதியோர் 62 பேர். நான்காம் கூட்டத்திற்கு வந்தோர் 9 பேர். அவருள்ளும் ஐவர் நிருவாகிகள். அன்று சொற்பொழிவாற்ற வந்த அறிஞர் வெறும் நாற்காலிகளை ஒருமுறை நோக்கிப் புன்முறுவல் செய்தது இன்னும் எம் கண்முன் நிற்கின்றது. வாராதாரைக் குறைகூற யாம் முற்பட்டோம். பிறகு ஆராயுங்கால், வந்தவர்க்கு யாம் அளித்த பணி கேட்டுக்கொண்டிருத்தல் ஒன்றே என்பது புலனாயிற்று. ஆகவே, மொழி பயில்வோர் அமைத்த பிற சங்கங்கள் தம் அங்கத்தினரை எவ்வாறு ஓம்புகின்றன என அறிய விழைந்தோம். அவ்வாறு தேடியபோது எம் கருத்தைக் கவர்ந்தது அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள பிரஞ்சு ஆசிரியர் சங்கம். தமிழ் ஆனர்ஸ் மாணாக்கர்க்குப் பிரஞ்சுச் சங்கத்தால் ஆவதென்ன என்று நண்பர் சிலர் நகைத்தனர். அயலான் வீட்டுக் கிணற்றின் ஆழத்தைக் கேட்டறிந்த பின்னரே தன் கிணற்றைத் தோண்டத் தொடங்குவான் உழவன் என்பதை அவர்கட்கு விடையாகக் கூறினோம்.

அச்சங்கம் 1927-ஆம் ஆண்டில் தோன்றியது. தோன்றிய காலத்தின் இயல்பை அறிந்தாலன்றி அதன் நோக்கம் விளங்காது. முதல் உலகப் போருக்கு முன்னர் அந்நாட்டுப் பள்ளிகளில் ஜெர்மன் மொழியே மேலோங்கி நின்றது. 1915-இல் உயர்நிலைப் பள்ளி மாணாக்கருள் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் அதனைப் பயின்றனர். போரினால் எழுந்த பகைமை அம்மொழியைப் பள்ளிகளினின்று துரத்தியது. 1922-இல் நூற்றுக்கு ஒருவரேனும் அதனைப் பயின்றாரில்லை. அவ்வாறு வெறுமையான இருக்கைகளிற் பல பிரஞ்சு வகுப்புகளில் நிரம்பின. ஒரு மொழி தன் சிறப்பினாலன்றிப் பிறிதொரு மொழியின் தாழ்வினால் மாணாக்கரைப் பெறுமாயின் அப்பேறு நிலையுடையதாகுமா என்பது ஐயத்திற்குரியது.

பெருகிய மாணாக்கருள்ளும் பெரும்பாலோர் இரண்டே ஆண்டுகள் பயின்று நீங்கினர். அக்குறுகிய காலத்தில் பேசவும் எழுதவும் கற்பித்தல் இயலாது. படித்துப் பொருளுணரும் ஆற்றலே இலக்காதல் வேண்டும் என்று 1929-இல் கோல்மன் என்னும் பேராசிரியர் ஓர் அறிக்கையில் வலியுறுத்தினார். இவரும் பிரஞ்சு மொழிப் பேராசிரியரே. தம்மவரே இவ்வாறு கூறியது ஆசிரியர்க்கு எத்துணைக் கலக்கத்தை விளைத்திருக்கும்! பரந்து கிடக்கும் அந்நாட்டில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பிரஞ்சு கற்பிப்பவர் பெரும்பாலும் ஒருவரே. தாம் கற்பிக்கும் மொழியைத் தம்மோடு பேசுவார் அவ்வூரில் இலர். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்க்கு நூலகமும் தோழரும் உண்டு. இவருக்கோ கரும்பலகை ஒன்றே துணை. இவரைச் சங்கத்தோடு பிணிப்பது எப்படி?

முதற்கண் அவர்கள் மேற்கொண்ட வழி பத்திரிகை. சங்கம் தோன்றிய அதே ஆண்டு நவம்பர்த் திங்களில் 'பிரஞ்சு ரிவ்யூ' வெளிவரலாயிற்று. இலக்கிய ஆராய்ச்சியும், மொழியியலும், கற்பிக்கும் முறையும், நூல் மதிப்புரையும் ஒருங்கே அதன்கண் இடம்பெறுகின்றன. கவிதையின் யாப்பை ஆராய்வாரும், பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு வினைத்திரிபு கற்பிப்பாரும் ஒரே உறையைப் பிரிக்கின்றனர். இது சிறந்ததே. எனினும் பத்திரிகை ஒருவரை வாசகராக்குமேயன்றி அங்கத்தினராக்காது என்பது எம் துணிபு. எம் விடுதியில் உறை பிரிக்கப்படாமலே அடுக்கி வைக்கப்பட்ட பத்திரிகைகளைக் கண்டோர் இதனை மறுக்கார்.

அடுத்து, நாடெங்கும் கிளைகளை அமைத்தனர். பெருமாநாட்டிற்குச் செல்லப் பொருளும் பொழுதும் இல்லாதவர் தம் வட்டாரத்துக் கிளையிற் கூடலாம் என்பது ஏற்பாடு. இதனைப் பிற சங்கங்களும் செய்தனவாதலின் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவர்கள் செய்தவற்றுள் தலைசிறந்தது 1936-இல் தொடங்கிய போட்டியே என்க. பெரும்போட்டி எனப் பொருள்படும் 'லெ கிரான் கொன்கூர்' என்னும் பெயரால் இன்றளவும் அது நடைபெற்று வருகின்றது. ஒவ்வோர் ஆண்டும் நாடு முழுதும் பள்ளி மாணாக்கர், தாம் பயின்ற ஆண்டுகளுக்கு ஏற்ற படிநிலையில், கேட்டுணர்தலிலும் படித்துணர்தலிலும் சோதிக்கப்படுகின்றனர். பரிசு வட்டாரத்திற்கும் உண்டு, நாடு முழுமைக்கும் உண்டு. ஓரூரில் தனித்திருக்கும் ஆசிரியரின் மாணாக்கன் எழுதும் வினாத்தாளும், நியூயார்க் நகரத்துச் செல்வர் பள்ளி மாணாக்கன் எழுதும் வினாத்தாளும் ஒன்றே. அந்நாளில் அவ்வாசிரியர் தனித்தவரல்லர்.

இதனினும் எம்மை வியப்பித்தது மற்றொன்று. வகுப்பறையிலன்றி வேறெங்கும் பிரஞ்சு கேளாத மாணாக்கரையும், வீட்டில் அம்மொழி பேசி வளர்ந்தோரையும் அவர்கள் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்லை. வெவ்வேறு பிரிவினராகக் கொள்கின்றனர். தாய்மடியில் பெற்றதனையும் மேசை முன் அமர்ந்து ஈட்டியதனையும் ஒன்றாக எண்ணி, முன்னவர்க்கே எல்லாப் பரிசும் வழங்கினால், பின்னவர் மறு ஆண்டு வருவரோ? நம் மன்றத்துச் சொற்போட்டியில் பள்ளி முழுதும் தமிழிலேயே கற்றவரும், பிற மாநிலங்களில் வளர்ந்து இங்கு வந்து தமிழெழுத்தை எழுதப் பழகுகின்றவரும் ஒரே மேடையில் நிறுத்தப்பட்டதை எண்ணி நாணினோம்.

போட்டியை நடத்தும் பொறுப்புக் கிளைகளிலுள்ள அங்கத்தினரையே சார்ந்தது. மாணாக்கரைச் சேர்த்தல், மேற்பார்த்தல், பரிசளிப்பு விழா எடுத்தல் ஆகிய இவையெல்லாம் ஊதியமின்றிச் செய்யும் பணிகள். பணி மிகுந்தால் அங்கத்தினர் விலகுவர் என்று நிருவாகிகள் அஞ்சுவது வழக்கம். ஈண்டு நிகழ்ந்தது மறுதலையாகும். தம்மிடம் பணி உள்ளவரே வருகின்றார். தாம் வாராவிடினும் காரியம் நடக்கும் என்று அறிந்தவரே வீட்டில் தங்குகின்றார்.

போட்டிக்கும் குறை உண்டு. பரிசு பெறும் மாணாக்கரையுடைய ஆசிரியரே சங்கத்தில் ஒளிர்வர். பின்தங்கிய மாணாக்கரிடையே உழைப்பவர் மறைந்து கிடப்பர். 1949-இல் பள்ளி மாணாக்கர்க்கென மதிப்புச் சங்கம் ஒன்றை நிறுவியபோதும் அதன் வாயில் நன்கு பயில்வோர்க்கே திறந்தது. ஆயினும் பள்ளியில் அதற்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர் தாய்ச்சங்கத்தின் அங்கத்தினராதல் வேண்டும் என்று விதித்தனர். இதனால் மாணாக்கர் ஆர்வமே ஆசிரியரை உள்ளிழுக்கும் கயிறாயிற்று. தேர்ச்சி கருதாது ஊரார் யாவரும் கலந்துகொள்ளத்தக்க பிரஞ்சு வாரம் 1999-இலேதான் தொடங்கியது. அஃது இன்னும் முன்னரே வந்திருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

இத்துணையும் செய்தும் மாணாக்கர் தொகை குறையவே செய்தது. அந்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பிரஞ்சு பயின்றோர் 1968-இல் ஏறக்குறைய 3,88,000. 2021-இல் ஏறக்குறைய 1,35,000. ஸ்பானிய மொழியின் எழுச்சியும், மொழிப்பாடம் கட்டாயம் என்னும் விதி பல கல்லூரிகளில் தளர்ந்ததும் சங்கத்தால் தடுக்கத்தக்கன அல்ல. நாம் இதனை மறைத்தல் நேர்மையன்று. வகுப்பு சுருங்குந்தோறும் தனித்து நிற்கும் ஆசிரியர் பெருகுவர். அவர்க்குச் சங்கத்தின் தேவையும் பெருகும்.

இங்கிலாந்தில் 1947-இல் தோன்றிய பிரஞ்சு ஆராய்ச்சிச் சங்கம் வேறு வகையினது. அதன் அங்கத்தினர் பல்கலைக்கழகத்தார். அவர்கட்குக் குறை தனிமையன்று. இளையோர் முதியோர் முன் வாய் திறக்க அஞ்சுதலே எனலாம். ஆதலின் அச்சங்கம் இளையோர்க்கெனவே பரிசுகளை வகுத்திருக்கின்றது. இளங்கலை மாணாக்கர் கட்டுரைக்கு ஒன்று. ஆராய்ச்சி மாணாக்கர் கட்டுரைக்கு மற்றொன்று. ஆராய்ச்சித் துறையிற் புதிதாய்ப் புகுந்தோர் வெளியிட்ட சிறந்த கட்டுரைக்கு மால்கம் போவி என்னும் பேரறிஞர் பெயரால் பிறிதொன்று. ஆண்டு மாநாட்டையும் ஓரிடத்தே நிறுத்தாது பல்கலைக்கழகந்தோறும் மாற்றி நடத்துகின்றனர்.

இவற்றைக் கற்றபின் இவ்வாண்டு மன்றப் பதிவேட்டில் யாம் ஒரு மாற்றம் செய்தோம். பெயர், வகுப்பு, சந்தா என்னும் மூன்று பத்திகளுக்கு அப்பால், 'செய்ய விரும்பும் பணி' என நான்காவதாக ஒன்று வரைந்தோம். இம்முறை பெயரெழுதினோர் 41 பேரே. அத்தொகை கண்டு எம் காரியதரிசி முகம் வாடினார். நான்காம் பத்தியை நிரப்பினோர் 27 பேர். அவருள் தாவரவியல் முதலாண்டு மாணாக்கர் ஒருவர், 'மேடையிற் பேச வாராது. கையெழுத்து நன்றாக இருக்கும்' என்று எழுதியிருந்தார். மூன்றாண்டாக நின்றுபோயிருந்த மன்றத்துக் கையெழுத்துப் பத்திரிகை அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது; அதன் முதல் இதழை நூலக வாயிலில் காணலாம்.