விளக்கு அணையும் முன்னே



வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் நம் பெரியோர். நம்மில் பலர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறோம். அங்கே கிணறு இல்லை, விறகடுப்பு இல்லை, காற்று வாங்க முற்றமும் இல்லை. மின்சாரம் நின்றால் நம் வீட்டில் விளக்கு மட்டுமா அணைகிறது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்களும் விழுந்தன. பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது நான் சிறுமி. எங்கள் வீடு நான்காம் மாடியில். முதல் நாள் இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நிழல் பொம்மை காட்டி விளையாடினோம். மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழ்த்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அதை மேலே ஏற்றும் மோட்டார்தான் ஓடவில்லை. அப்பாவும் அண்ணனும் வாளி வாளியாகப் படியேறிச் சுமந்தார்கள்.

மாலையில்தான் அம்மாவுக்குத் திடீரென்று நினைவு வந்தது. "ஐயோ, எதிர் வீட்டுப் பாட்டியை மறந்துவிட்டோமே!" என்று ஓடினார். தனியாக வாழும் அந்தப் பாட்டி நீரிழிவு நோயாளி. படி இறங்க முடியாமல், வீட்டில் மீந்திருந்த அரைக்குடம் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருந்தார். இன்சுலின் மருந்தை மட்டும், ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் சிறு மண்கலயம் வைத்து, நனையாமல் பாதுகாத்திருந்தார். "அந்தக் காலத்தில் ஏதம்மா ஃபிரிட்ஜ்?" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மின்வெட்டு ஏன் வருகிறது?

புயல் மட்டுமே காரணம் அன்று. மின்சாரத்தை நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைப்பது எளிதன்று. செலவாகும் அதே நேரத்தில் அது உற்பத்தியாக வேண்டும். தமிழகத்தின் காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்றில் நன்கு சுழலும். காற்று ஓய்ந்தால் உற்பத்தி குறையும். அவ்வேளையில் நிலக்கரியும் போதாமற் போனால் பற்றாக்குறைதான். 2012-ல் சென்னையில் நாள்தோறும் 2 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. பிற மாவட்டங்களில் அதைவிடப் பன்மடங்கு நேரம் இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இன்வெர்ட்டர் இருக்கிறதே, நமக்கென்ன கவலை என்று சிலர் எண்ணலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் 12 × 150 = 1800 வாட்-மணி மின்சாரம் உண்டு. பாட்டரியை முழுவதும் வடியவிடலாகாது. வழியிலும் சிறிது வீணாகும். கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1100 என்று கொள்வோம்.

பழைய மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட், இரண்டுக்கு 150. எல்.இ.டி. விளக்கு மூன்றுக்கு 27. மொத்தம் 177 வாட். எனவே 6 மணி நேரம் ஓடும். 30 வாட்டில் சுழலும் புதுவகை மின்விசிறிகளை மாட்டினால் மொத்தம் 87 வாட்தான்; அதே பாட்டரி 12 மணி நேரத்துக்கும் மேல் உழைக்கும். பெரிய பாட்டரி வாங்குவதைவிடச் செலவைக் குறைப்பதே சிக்கனம் அல்லவா?

தண்ணீரும் அடுப்பும்

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வையுங்கள். நால்வர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். அதாவது 15 லிட்டர்க் குடம் நான்கு. புயல் எச்சரிக்கை வந்தவுடன் இவற்றை நிரப்பி மூடி வையுங்கள். கழிவறைக்குத் தனியே வாளிகள் வேண்டும்.

இண்டக்ஷன் அடுப்பை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் மின்வெட்டன்று சோறு பொங்காது. எரிவாயு உள்ளவர்களும் சிக்கனம் பழக வேண்டும். பருப்பை முன்கூட்டியே ஊற வையுங்கள். அரிசியைச் சில நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு, இறுக மூடிக் கனத்த கம்பளியால் சுற்றி ஒரு பெட்டியில் வைத்தால், தன் சூட்டிலேயே வெந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காதிருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தங்கும்.

செய்யக் கூடாதவை

மூடிய அறையில் கரியடுப்பு மூட்டாதீர்கள். பால்கனியில் ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள். இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். திரைச்சீலை அருகே மெழுகுவர்த்தி வேண்டாம். மின்வெட்டு நேரம் நெருங்கும்போது லிஃப்டில் ஏற வேண்டாம்.

அடுத்த வீட்டையும் எண்ணுங்கள்

வர்தாவுக்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் ஒரு பட்டியல் எழுதினோம். எந்த வீட்டில் முதியோர், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குக் குளிரில் வைக்கும் மருந்து என்பதெல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு வீட்டையும் கவனிக்க ஒருவர் பொறுப்பு. எதிர் வீட்டுப் பாட்டி என் பொறுப்பு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மீண்டும் மின்சாரம் நின்றது. அன்று ஒரு குடம் தண்ணீரோடு பாட்டியின் கதவைத்தான் முதலில் தட்டினேன். "வா கண்ணு, உன்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

தோழியரே! இன்று மாலை வீடு சென்றதும் குடங்களை எண்ணுங்கள். டார்ச் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் மாடியில் தனியாக வாழ்பவர் யாரென்று அம்மாவிடம் கேளுங்கள்.